எல்லைச் சாவடியில் குலவை

தங்கள் மருமகனும் கொழும்பு வழியாக வரும் இதே விமானத்தில்தான் வருகிறாரா ஐயா? மிக நல்லது. தாமதம் என்று பலகையில் போட்டுவிட்டார்கள். இந்தக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்பதைக் காட்டிலும் இருவராக நிற்பது ஓர் ஆறுதல்தான்.

நான் என் பேத்தியை அழைத்துப் போக வந்திருக்கிறேன். ஆதிரை என்று பெயர். நான் தேர்ந்து சூட்டிய பெயர் அது. பதினாறு வயது நிறைந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் உள்ள பெர்த் நகரத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு வருகிறாள். வந்ததும் அருப்புக்கோட்டையில் உள்ள என் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறாள். அங்கே என் மனைவி பிச்சம்மாள் விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கிறாள். பிறகு திருச்சுழிக்குப் போவாள். அங்கே என் மருமகளின் தந்தை இருக்கிறார். அவ்வூர்ப் பங்குனிப் பொங்கலில் முளைப்பாரி எடுக்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஓர் ஆசை. போகட்டும், எடுக்கட்டும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் எந்த வீடு என்பதில் ஒரு முறை இருக்கிறதல்லவா? தந்தை வழி வீடுதானே முதலில்?

அந்த நாட்டுக்கு நான் போயிருக்கிறேனா என்றா கேட்கிறீர்கள்? அந்தக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்தவன் ஐயா நான். அடிலெய்டு நகரத்திலிருந்து பெர்த் வரை, விமானத்தில் அல்ல, காரில். என் மகன் செந்தூரனுக்கு அப்போது வேலை மாற்றம். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, குடும்பத்தோடு காரிலேயே போய்ச் சேருவது என்று முடிவு செய்தான். ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. தமிழ்நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் போவதைப் போலப் பல மடங்கு தூரம். இடையில் ஒரு பெருவெளி. அதில் மரமே கிடையாது. அந்த வெளியின் பெயருக்கே 'மரமில்லாதது' என்றுதான் பொருள். லத்தீன் மொழி. எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பம்ப் செட் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவன். ஆனால் எங்களூர்க் கிளை நூலகத்தில் நான் புரட்டாத புத்தகம் இல்லை. புறப்படுவதற்கு ஆறேழு மாதம் முன்பிருந்தே அந்த நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தயாராக இருந்தேன். பேத்திக்குச் சொல்வதற்காக. அவளுக்கு அப்போது எட்டு வயது. தெரிந்துகொள்ளும் வயது.

அந்தப் பயணத்தில் சம்பந்தியும் வந்தார். அதுதான் விஷயம்.

அவர் பெயர் திருமேனி. திருச்சுழிப் பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். நான் குறை சொல்லவில்லை. முந்திய ஆண்டுதான் அவருடைய மனைவி காலமாகியிருந்தார். தனியாக இருக்கிறாரே என்று மருமகள் துணைமாலை தன்னோடு மூன்று மாதம் வைத்துக்கொள்ள அழைத்திருந்தாள். அதே சமயத்தில் நாங்களும் போயிருந்தோம். ஆக, காரில் நாங்கள் ஆறு பேர். ஏழு பேர் அமரக்கூடிய பெரிய கார். மகன் ஓட்டினான். அவனுக்குப் பக்கத்தில் நான். நடுவரிசையில் என் மனைவியும் மருமகளும். கடைசி வரிசையில் சம்பந்தியும் ஆதிரையும்.

முன்னிருக்கையில் நான் அமர்ந்தது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புறப்படும் நாளன்று காலையில், மகன் மாமனாரிடம், "மாமா, நீங்க முன்னால வாங்க, உங்களுக்குக் கால் நீட்ட வசதியா இருக்கும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையைப் பெற்றவன் ஒருவன் அங்கே நின்றுகொண்டிருக்கிறான். என் பையை எடுத்து முன்னிருக்கையில் வைத்தேன். சம்பந்தி அதைப் பார்த்தார். உடனே சிரித்துக்கொண்டே, "சம்பந்தி முன்னால உக்காரட்டும் மாப்ளே. நமக்கு எங்க உக்காந்தா என்ன? எல்லாரும் ஒரே ஊருக்குத்தான போறோம்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிவிட்டார். எவ்வளவு பெருந்தன்மை என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் மரியாதை நம்மிடம் வந்து சேர்ந்தது என்று நினைத்தேன்.

கார் நகரத்தைத் தாண்டியதும் நான் தொடங்கினேன். இந்த வறண்ட நிலத்தில் கோதுமை எப்படி விளைகிறது, இந்த நாட்டுக்கு ஒட்டகங்கள் எந்தக் காலத்தில் கப்பலேறி வந்தன, எல்லாவற்றையும் முறையாக, காலவரிசைப்படி. மகன் "ம்" கொட்டினான். நடுவரிசையில் பிச்சம்மாள் தூங்கினாள். நான் சொன்னது பின்னால் இருந்தவளுக்காக. ஆனால் பின்னாலிருந்து வந்தது சிரிப்புச் சத்தம். அடக்க முடியாத சிரிப்பு. என்ன சிரிப்பு என்று கேட்டேன். ஈமுக் கோழி ஒன்று சாலையோரம் நின்றிருந்ததாம். "மயிலுக்கு மொட்ட போட்டா இப்படித்தான் இருக்கும்" என்று சம்பந்தி சொன்னாராம். பழனிக்கு நேர்ந்துகொண்ட மயிலாம்.

ஐயா, ஒரு குழந்தையிடம் இப்படியா பொய் சொல்வது? ஈமு வேறு, மயில் வேறு. ஒட்டகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். அது திருச்சுழியில் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டதாம். மரமில்லாத வெளி வந்தது. நான் லத்தீன் மொழிப் பொருளைச் சொல்லி, தரைக்கு அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சம்பந்தி, "மரமெல்லாம் பங்குனிப் பொங்கலுக்குப் போயிருக்கு தாயி, அடுத்த வாரம் வந்துரும்" என்கிறார். அவள் கைதட்டுகிறாள். நான் திரும்பிப் பார்த்தால் மனைவியின் தலைதான் தெரிகிறது. அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மேலே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பினேன். "அப்பா, கண்ணாடியத் தொடாதீங்க. வண்டி ஓட்டுறது நான்" என்றான் மகன். முன்னிருக்கையின் வசதி இவ்வளவுதான் ஐயா. உலகம் முழுவதும் தெரியும், பேத்தி தெரியமாட்டாள்.

ஒரு நாள் நானே பின்னிருக்கைக்குப் போனேன். கால் மாற்றி உட்கார வேண்டும் என்று காரணம் சொன்னேன். சம்பந்தி மறுபேச்சு இல்லாமல் முன்னால் போய்விட்டார். அவர் எதற்குமே மறுபேச்சு சொல்லமாட்டார். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். நான் ஆதிரையிடம் கடல் பாறைகளின் தோற்றத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கடலில் திமிங்கிலங்கள் குட்டி போட வரும் பருவம் அது. அதைப் பற்றியும் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டாள். பெரியவர்கள் பேசும்போது எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். சற்று நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். முன்னால் பார்த்தால் என் மகன், என்னிடம் "ம்" மட்டுமே கொட்டிக்கொண்டு வந்தவன், மாமனாரோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். இங்கேயும் போயிற்று, அங்கேயும் போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் நான் என் இடத்துக்கே திரும்பிவிட்டேன். மரியாதைக்குரிய இடத்தை நாமாக விடக் கூடாதல்லவா?

அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் ஏதோ இருக்கிறது. சிரிப்பு குறைந்து, கிசுகிசுப்பு மிகுந்தது. அவ்வப்போது ஒரு துண்டை விலக்கும் சத்தம். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து துளித்துளியாக எதிலோ தெளிக்கும் சத்தம். சம்பந்தி ஏதோ ஒரு கும்மிப் பாட்டை மூக்காலேயே முணுமுணுப்பார். அவளும் கூட முணுமுணுப்பாள். "என்னம்மா அங்கே?" என்றேன். "முன்னால இருக்கவுங்க பாக்கக் கூடாது தாத்தா. சாமி குத்தம்" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவள், என்னைப் பார்த்துச் சாமி குற்றம் என்கிறாள்.

சாப்பிட நிறுத்திய இடத்தில் மனைவியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. அடிலெய்டில் புறப்படுவதற்கு முன்பே, இந்தியக் கடையில் வாங்கிய பச்சைப்பயறும் தட்டைப்பயறும் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டிருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்து மண்ணும் கொஞ்சம் வைக்கோலும் போட்டு, துண்டால் மூடி, வெளிச்சம் படாமல் கடைசி இருக்கையின் காலடியில் வைத்திருக்கிறார்கள். முளைப்பாரி ஐயா, முளைப்பாரி. இருட்டில் முளைத்து, வெளிர் மஞ்சளாக நீண்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. பெர்த் போய்ச் சேர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் கரைக்கப் போகிறார்களாம். அது நம் கன்னியாகுமரிக் கடலேதான், மறுகரை மட்டும்தான் வேறு என்று சம்பந்தி பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். பார்த்தீர்களா? இந்துமாக்கடலைப் பற்றி முதல் நாளே விளக்கியவன் நான். அந்தத் தகவலை எடுத்துத் தம்முடைய முளைப்பாரிக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தவரை முளைப்பாரி போடுவது பெண்கள் காரியம். ஓர் ஆண்பிள்ளை போடுவது எந்த ஊர் வழக்கம் என்று மனைவியிடம் கேட்டேன். "அதுக்கென்ன இப்ப? பிள்ள சந்தோசமா இருக்கு. நீங்க சாப்பிடுங்க" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த நாட்டில் மேற்கு மாநிலத்துக்குள் நுழையும் எல்லையில் ஒரு சாவடி இருக்கிறது. நம் ஊரில் வரி வாங்கும் சாவடியைப் போலத் தோற்றம். ஆனால் அங்கே பார்ப்பது பழம், காய்கறி, தேன், செடி, மண். மேற்கே இல்லாத பூச்சியும் நோயும் கிழக்கிலிருந்து போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மிகச் சிறந்த ஏற்பாடு. நான் இதைப் பற்றி முன்பே படித்திருந்தேன். முதல் நாளே காரில் அறிவித்தும் இருந்தேன். அதன்படி அன்று காலையில் ஆரஞ்சுப் பழங்களை எல்லாரும் உரித்துத் தின்று தீர்த்தோம். மருமகள் கறிவேப்பிலையைக் கூடக் குப்பையில் போட்டாள். போடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், நகையைக் கழற்றிக் கொடுப்பதைப் போல இருந்தது. ஆனால் டப்பாவைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. சம்பந்திக்குச் சட்டம் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு? மருமகளுக்கு? அவர்கள் வாய் திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

சாவடியில் சீருடை அணிந்த ஓர் அம்மையார் வந்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார். மகன், பழம் ஏதும் இல்லை, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டோம் என்றான். காரின் பின்பக்கத்தைத் திறந்து பெட்டிகளைப் பார்த்தார். கடைசி இருக்கையில் தாத்தாவும் பேத்தியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் காலடியில் இருந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சரி, போகலாம் என்று கையசைத்தார். மகன் வண்டியைக் கிளப்பப் போனான்.

ஐயா, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு நாட்டின் விருந்தாளியாகப் போயிருக்கிறோம். அந்த நாட்டின் சட்டம் நம் கண் முன்னே மீறப்படுகிறது. வாய்மூடிக்கொண்டிருப்பதா? நான் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னவன் இல்லை. கடை நடத்திய காலத்தில்கூட 'இது கோயம்புத்தூர்ச் சரக்கு இல்லை, உள்ளூர்ச் சரக்குதான்' என்று சொல்லித்தான் விற்பேன். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். "மேடம்" என்றேன். திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பின்னால் ஒரு செடி இருக்கிறது, மண்ணோடு இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னேன். நூலகத்தில் செய்தித்தாளைப் படித்தே நான் கற்ற ஆங்கிலம். அந்தப் பயணம் முழுவதும் ஒரு வெள்ளைக்காரருக்கு முழுமையாக விளங்கிய என் முதல் வாக்கியம் அதுதான்.

மகன் வண்டியை நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. மருமகள் மெல்ல, "மாமா" என்றாள்.

ஆதிரை அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் நான் சமாதானம் சொல்லத் தயாராகவே இருந்தேன். சட்டம் என்றால் என்ன, ஏன் அதை மதிக்க வேண்டும், எல்லாம் மனத்தில் வரிசையாக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. ஏன் அழவில்லை தெரியுமா? சம்பந்தி அழ விடவில்லை. என்ன செய்தார் என்று கேளுங்கள்.

துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். டப்பாவைப் பேத்தியின் கையில் கொடுத்தார். "ஆத்தா நம்ம கடல் வரைக்கும் வர வேண்டாமுன்னு, வாங்கிக்கிட இங்கயே ஆள அனுப்பிருச்சு தாயி. பாரு, உடுப்பெல்லாம் போட்டு வந்து நிக்கிறாக. குடு" என்றார். அவள் இறங்கினாள். அவரும் இறங்கினார். துண்டை விலக்கினார்கள். நானும் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு சாண் உயரம். வெள்ளையும் மஞ்சளுமாக, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. நன்றாகத்தான் வந்திருந்தது; அதை மறுக்க முடியாது.

பிறகு அந்த மனிதர் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார் ஐயா. ஆண்பிள்ளை. அறுபத்தைந்து வயது. அந்நிய நாட்டு அரசாங்கச் சாவடியில். அவருக்குப் பழக்கம் இல்லாததால் முதலில் இருமலாகத்தான் வந்தது. ஆதிரையும் கூடவே இட்டாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நடுவரிசைக் கதவு திறந்தது. மருமகள் இறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் என் மனைவி, எனக்கு மாலையிட்டவள், மூட்டு வலி என்று மூன்று நாளாக முனகிக்கொண்டு வந்தவள், குதித்து இறங்கிப் போய் ஒரு குலவை போட்டாள் பாருங்கள். அருப்புக்கோட்டைக் குலவை. எங்களுக்குப் பின்னால் நின்ற நீளமான லாரியின் ஓட்டுநர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். அந்தச் சீருடை அம்மையாருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும்! நான் உண்மையைச் சொன்னதற்கு ஒரு 'தேங்க்யூ' சொன்னார், அவ்வளவுதான். சம்பந்திக்கு என்னவென்றால் தலை வணங்கினார்.

மகனும் ஒரு கட்டத்தில் இறங்கிப் போய்விட்டான். நான் காரிலேயே இருந்தேன். சாவியோடு நிற்கும் வண்டியை விட்டுவிட்டு எல்லாரும் இறங்கிவிட முடியுமா? யாராவது ஒருவர் இருக்கத்தானே வேண்டும்.

அன்று தங்கிய விடுதியில் பிச்சம்மாள்தான் சொன்னாள். திருச்சுழியில் ஆண்டுதோறும் முளைப்பாரி போடுவது சம்பந்தியின் மனைவியாம். கையால் தொட்டால் முளைக்கும் என்று பேராம். அவர் போன பிறகு அந்த வீட்டில் போட ஆளில்லாமல் போயிற்றாம். அதனால்தான் பேத்தி கையால் போட வைத்தாராம். "அந்த மனுசன் பொண்டாட்டிக்குச் செய்யுறதா நெனச்சுச் செஞ்சாரு. உங்க வாய வச்சுக்கிட்டு உங்களுக்கு இருக்க முடியல" என்றாள். எனக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாமல் மறைத்தது யார் குற்றம்? என்னைக் கேட்டிருந்தால், முறைப்படி முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வழி உண்டா என்று நான் படித்துப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

சம்பந்தி என்னிடம் கோபித்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. மறுநாள் காலையில் தேநீரைத் தாமே கலந்து எடுத்துக்கொண்டு வந்து, "சர்க்கர சரியாருக்கா சம்பந்தி?" என்றார். சரியாக இருந்தது. கோபித்துக்கொண்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நாலு பேர் முன்னால் இரண்டு வார்த்தை பேசி முடித்திருக்கலாம். அதற்கு அவர் இடம் கொடுக்கவே இல்லை. எட்டு வருடமாக அந்தப் பதில் எனக்குள்ளேயே இருக்கிறது. விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஆதிரை என்னிடம் எப்படி இருக்கிறாள் என்கிறீர்களா? மிகுந்த மரியாதை. அதற்கு முன்பெல்லாம் 'தாத்தா, நீ வா, நீ போ' என்பாள். அந்தப் பயணத்துக்குப் பிறகு 'நீங்க, வாங்க' என்றுதான். பிறந்தநாளுக்குத் தவறாமல் பேசுவாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். சம்பந்தியிடம் இன்னும் 'நீ'தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் மணிக்கணக்கில் பேசுகிறார்களாம். என்ன பேசுவார்கள் என்று மகனிடம் கேட்டேன். "தெரியல அப்பா. சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றான்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. உங்களிடம் சொல்வதில் என்ன? நீங்கள் யாரோ, நான் யாரோ. உண்மையில் இன்று சம்பந்தியும் என்னோடு வந்திருக்க வேண்டும். மருமகள் அவருக்கும் நாளும் நேரமும் சொல்லியிருந்தாள். ஒரு வேனைப் பேசி, "ரெண்டு பேரும் சேந்தே போயி பிள்ளையக் கூட்டிட்டு வருவோம் சம்பந்தி" என்று போன வாரமே சொல்லிவிட்டார். சேர்ந்து போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கதவு திறந்ததும் அவள் யாரைப் பார்த்து ஓடி வருவாள் என்று தெரியாதா? வேனில் யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரியாதா? நேற்றுச் சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டேன். விமானம் ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது, நாளைக்குத்தான் வருகிறாள் என்றேன். அவர் மகளிடம் கேட்டுச் சரிபார்க்கக்கூட இல்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி" என்று வேனை நாளைக்கு மாற்றிக்கொண்டார். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. விமானம் நாளைக்கும்தான் வருகிறது, தினமும் வருகிறது. ஒரு நாள் ஐயா. ஒரே ஒரு நாள். என் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு, என்னோடு உட்கார்ந்து, நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, நாளைக்கு அவரிடம் போகட்டும். பிச்சம்மாளுக்கு இந்த விவரம் தெரியாது. தெரிந்தால் சமைத்திருக்க மாட்டாள்.

ஆட்கள் வெளியே வருகிறார்கள் போலிருக்கிறதே. அந்தப் பெரிய பெட்டிக்காரர் உங்கள் மருமகன் இல்லையா? சரி, வருவார்.

அதோ. அதோ, அந்த நீலச் சட்டை. எவ்வளவு உயரமாகிவிட்டாள். என் அம்மாவின் நடை ஐயா, அப்படியே என் அம்மாவின் நடை. என்னைப் பார்த்துவிட்டாள், கையசைக்கிறாள். இல்லை, கையில் தொலைபேசி வைத்திருக்கிறாள். இறங்கியதும் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். பொறுப்பான பிள்ளை. சிரித்துக்கொண்டே பேசுகிறாள்.

வாம்மா. வா. நல்லா இருக்கியா? இருக்கட்டும், இருக்கட்டும், கால்ல எல்லாம் விழ வேண்டாம். பெட்டிய இங்க குடு. யாரு? யாரு பேசணுமாம்?

ஆங். சம்பந்தி. ஆமா, வந்துட்டா. நல்லா இருக்கா. இல்ல, அது வந்து... ஆமா. இல்ல இல்ல, நீங்க எதுக்கு... சரி. சரி. சொல்றேன். வச்சுரட்டுமா?

கேட்டீர்களா ஐயா? "நான்தான் நாள மாத்தி நெனச்சுட்டேன் போல சம்பந்தி, வயசாகிப் போச்சுல்ல. நல்லவேள நீங்க போனீக. பிள்ள பசியோட இருக்கும், மொதல்ல உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாள் இருந்துட்டு மெதுவா வரட்டும்" என்கிறார். இரண்டு நாளாம். நான் ஒரு நாள்தான் எடுத்தேன். அவர் இரண்டு நாள் கொடுக்கிறார். இதைத்தான், இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னம்மா? அப்படி ஏன் பாக்குற? அந்தத் தாத்தாவுக்கு நேத்து யாரு போன் பண்ணுனதா? யாரு நாளைக்குன்னு சொன்னதா?

ஐயா, எங்கே போகிறீர்கள், சற்று நில்லுங்கள். இவர் மருமகனும் உன் விமானத்துலதாம்மா வந்தாரு. நீங்களே பிள்ளையிடம் சொல்லுங்கள் ஐயா. விமானம் ஒரு நாள் தள்ளிப் போகிறது என்று நேற்று உங்களுக்கும்தானே சொன்னார்கள்? பிறகுதானே மாற்றினார்கள்? சொல்லுங்கள் ஐயா. உங்களுக்கும் பேத்தி இருக்கும்.